பாப்பாவுக்கு முகத்தில் பச்சைத் தண்ணீர் பட்டாலே எரிகிறது, என்ன செய்யலாம்?

தறிக்காரன்_கரூர்

வணக்கம். இதுவரை இங்கே நூல் விலை, மோட்டார் ரிப்பேர் தவிர வேறெதுவும் கேட்டதில்லை. இந்த விஷயத்தில் எனக்கு ஒன்றும் தெரியாது, தப்பாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகள் சென்னையில் இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம், ஹாஸ்டலில் இருக்கிறாள். செமஸ்டர் லீவுக்குப் போன வெள்ளிக்கிழமை வந்தாள். பஸ் ஸ்டாண்டில் பார்த்தபோது வெயிலில் அலைந்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். இரண்டு கன்னமும் மூக்கோரமும் செக்கச்செவேல் என்று இருந்தன. கூடவே ஒரு மினுமினுப்பு. எண்ணெய் மினுமினுப்பு இல்லை. இஸ்திரிப் பெட்டி சூடு அதிகமாகிப்போன பாலியெஸ்டர் துணி ஒரு மாதிரி மினுங்குமே, அப்படி.

மறுநாள் காலை வாசல் குழாயில் முகம் கழுவினாள். வெறும் தண்ணீர்தான், சோப்புகூட இல்லை. கழுவிவிட்டு இரண்டு கையாலும் முகத்துக்கு விசிறிக்கொண்டு நின்றாள். கண்ணில் தண்ணீர். மத்தியானம் ரசத்து ஆவி முகத்தில் பட்டதற்குத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டாள். கேட்டால் "ஸ்கின் பேரியர் டேமேஜ் ஆயிடுச்சுப்பா" என்கிறாள். பேரியர் என்றால் எனக்கு ரயில்வே கேட்தான் தெரியும்.

அவள் பையில் இருந்ததை எல்லாம் திண்ணையில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். மொத்தம் எட்டு. 10 சதவீதம் நியாசினமைடு என்று ஒரு சொட்டு பாட்டில், 15 சதவீதம் வைட்டமின் சி என்று இன்னொன்று, கிளைகாலிக் ஆசிட் டோனர், ரெட்டினால், சாலிசிலிக் ஆசிட் ஃபேஸ்வாஷ், வால்நட் ஓட்டைப் பொடித்துப் போட்ட ஸ்க்ரப், கருப்பாகப் பூசி உரித்து எடுக்கிற மாஸ்க் ஒன்று, ஒரு சன்ஸ்க்ரீன். எண்ணிப் பார்த்தால் மூன்றில் ஆசிட் இருக்கிறது. எங்கள் ப்ளீச்சிங் பட்டறையில்கூட ஆசிட் பாட்டிலை இப்படிப் பக்கத்துப் பக்கத்தில் வைக்க மாட்டோம்.

அவள் அம்மாயி கடலைமாவும் தயிரும் போடச் சொல்கிறார். வீட்டில் தேங்காய் எண்ணெய் என்கிறாள். பாப்பா வேறு ஏதோ சீரம் ஆர்டர் போடவா என்கிறாள், 900 ரூபாயாம். காசு போனால் போகிறது, சரியானால் போதும். இன்னும் மூன்று வாரம்தான் லீவு. யாராவது அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பொள்ளாச்சி_தோப்பு

அண்ணா, கெமிக்கல் எல்லாத்தையும் தூக்கிக் குப்பையில் போடுங்கள். சோற்றுக் கற்றாழையைக் கீறி அப்படியே தடவச் சொல்லுங்கள், கொஞ்சம் கஸ்தூரி மஞ்சள் சேர்த்து. ராத்திரி செக்கு எண்ணெய். ஒரே வாரத்தில் குழந்தை முகம் மாதிரி ஆகிவிடும்.

மெடிக்கல்_மீனாட்சி

தறிக்கார அண்ணா, முதலில் ஒன்று. இன்றைக்கு ராத்திரி அந்த முகத்தில் யாரும் எதையும் புதிதாகப் பூச வேண்டாம். கடலைமாவு வேண்டாம், தயிர் வேண்டாம், 900 ரூபாய் சீரமும் வேண்டாம். பொள்ளாச்சிக்காரர் கோபித்துக்கொள்ளக் கூடாது, கற்றாழையைக் கீறினால் வடியும் மஞ்சள் பால் நல்ல தோலையே சிலருக்கு அரிக்க வைக்கும். இது தோல் உரிந்து நிற்கிற முகம்.

நான் உசிலம்பட்டிப் பக்கம் மருந்துக் கடையில் 16 வருஷமாக நிற்கிறேன், பார்மசி படித்தவள். இதே எரிச்சலில் நானும் கிடந்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பேரியர் என்பது ரயில்வே கேட்தான், நீங்கள் சொன்னது தப்பில்லை. தோலின் ஆக மேல்பக்கம் செத்த செல்கள் 15, 20 அடுக்காகப் படிந்திருக்கும். ஸ்ட்ராட்டம் கார்னியம் என்று பேர். முகத்தில் அது மொத்தமும் சேர்ந்து, நாம் ஜெராக்ஸ் எடுக்கிற தாளின் கனத்தில் ஐந்தில் ஒரு பங்கு வந்தாலே பெரிது. அந்தச் செல்களைச் செங்கல் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் சாந்து மாதிரிக் கொழுப்பு இருக்கும். ஏறக்குறையப் பாதி செராமைடு, கால்வாசி கொலஸ்ட்ரால், மீதி பெரும்பாலும் கொழுப்பு அமிலங்கள். கொலஸ்ட்ரால் என்றதும் பதற வேண்டாம், ரத்த டெஸ்டில் வருகிற அதே ஆசாமிதான், இங்கே நமக்கு வேண்டியவர். இந்தச் சாந்து இருக்கிறவரை உள்ளே இருக்கிற ஈரம் வெளியே போகாது, வெளியே இருக்கிற சோப்பும் தூசியும் உள்ளே போகாது. சாந்து போய்விட்டால் வெறும் தண்ணீரும் எரியும். பாப்பாவுக்கு ஆகியிருப்பது அதுதான்.

எட்டு பாட்டிலில் எது செய்தது என்று தேட வேண்டாம். கிளைகாலிக் ஆசிட் செல்களை ஒட்டவைத்திருக்கிற பிடிப்பைக் கரைக்கும். வைட்டமின் சி சீரம் வேலை செய்ய வேண்டுமானால் புளிப்பு கடுமையாக இருந்தாக வேண்டும், பிஎச் பெரும்பாலும் 3.5-க்குக் கீழே. (பிஎச் என்பது புளிப்பையும் காரத்தையும் அளக்கிற எண்; 7 நடு, குறைந்தால் புளிப்பு, ஏறினால் காரம்.) ரெட்டினால் தன் பங்குக்கு உரிக்கும். வால்நட் ஓட்டைப் பற்றி என்னத்தைச் சொல்ல, அதைப் பாத்திரம் தேய்க்க வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றும் தனியாக, வாரத்துக்கு இரண்டு நாள் என்றால் பலருக்கு ஒத்துக்கொள்ளும். எல்லாம் ஒரே முகத்தில் தினமும் என்றால் எந்தத் தோலும் தாங்காது.

இப்போது செய்ய வேண்டியது ரொம்பக் கொஞ்சம். கொஞ்சமாகச் செய்வதுதான் இந்த வயசுப் பிள்ளைகளுக்குக் கஷ்டம்.

காலையில் தண்ணீர் மட்டும், வெந்நீர் கூடாது. ராத்திரி சோப்பில்லாத க்ளென்சர், வாசனை இல்லாதது. 'சிண்டெட் பார்' என்று கேட்டாலும் மெடிக்கலில் கொடுப்பார்கள். டவலால் தேய்க்காமல் ஒற்றி எடுக்கட்டும். முகம் முழுசாகக் காய்வதற்குள், கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே க்ரீம். செராமைடு போட்ட க்ரீம் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் கிளிசரினும் ஒயிட் சாஃப்ட் பாரஃபினும் சேர்ந்த சாதாரண மாய்ஸ்சரைசர் போதும், அது செராமைடு க்ரீமைவிட மலிவு. அளவு எவ்வளவு என்று எல்லாரும் கேட்பார்கள். ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் கோடுவரை டியூபைப் பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம். முகத்துக்கும் கழுத்துக்கும் அப்படி இரண்டரை விரல் வேண்டும். பிள்ளைகள் பொட்டு வைக்கிற அளவு வைத்துக்கொண்டு க்ரீம் வேலை செய்யவில்லை என்பார்கள்.

எந்தக் க்ரீமானாலும் முதலில் காதுக்குப் பின்னால் இரண்டு நாள் தடவிப் பார்க்கட்டும். முதல் நாலைந்து நாள் நல்ல க்ரீமே லேசாகச் சுரீர் என்னும், ஒரு நிமிஷத்தில் அடங்கிவிட்டால் பரவாயில்லை. அடங்காமல் சிவப்பு ஏறினால் கழுவிவிட்டு வேறு பாருங்கள். வெயிலுக்கு, ஜிங்க் ஆக்சைடு மட்டும் உள்ள சன்ஸ்க்ரீன் ஒத்துக்கொண்டால் போடலாம். அதுவும் எரிந்தால் குடை. வண்டியில் போகும்போது துப்பட்டாவை இறுக்கிக் கட்டுவதை நிறுத்தச் சொல்லுங்கள், வேர்வையும் உரசலும் சேர்ந்து ரணமாக்கும்.

புதுத் தோல் அடியிலிருந்து மேலே வர நாலு வாரமாவது ஆகும். லீவு முடியும்போது பாதி தூரம்தான் வந்திருக்கும், அதற்காக மறுபடி எதையும் ஆரம்பிக்கக் கூடாது.

தண்ணீர் கசிவது, மஞ்சள் பொருக்கு, கண் இமை வீக்கம், கொத்துக் கொத்தாகச் சின்னக் கொப்புளம், காய்ச்சல், இதில் ஒன்று இருந்தாலும் க்ரீமோடு நிற்காமல் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.

கடைசியாக ஒரு கேள்வி. பாப்பாவிடம் தனியாக, அதட்டாமல் கேளுங்கள். எட்டைத் தவிர ஒன்பதாவதாக ஏதாவது உண்டா? சின்ன அலுமினிய டியூப், மெடிக்கலில் வாங்கியது.

ஷார்ஜா_ராத்திரி_ஷிப்ட்

எனக்குச் சின்ன வயசிலிருந்து கரப்பான், டாக்டர்கள் எக்ஸிமா என்பார்கள். முழங்கை மடிப்பு, முழங்கால் பின்பக்கம். எங்களைப் போன்றவர்களில் கொஞ்சம் பேருக்குச் சுவரே பிறவியிலேயே ஓட்டை. பிலாக்ரின் என்ற புரதத்தின் ஜீனில் குறை இருப்பவர்களுக்குக் கரப்பான் வரும் வாய்ப்பு அதிகம் என்று 2006-ல்தான் கண்டுபிடித்தார்கள். அதுவரை எங்கம்மா கத்தரிக்காயைத் திட்டிக்கொண்டிருந்தார்.

இங்கே 24 மணி நேரமும் ஏசி. என்னைக் காப்பாற்றுவது வாசலைன்தான், வேறு எதுவும் இல்லை. அமெரிக்காவில் எண்ணெய்க் கிணற்று வேலையாட்கள் பம்புக் கம்பியில் படிகிற மெழுகைக் காயத்துக்குப் பூசுவதைப் பார்த்துத்தான் செஸ்பரோ என்பவர் அதைச் சுத்திகரித்து 1872-ல் காப்புரிமை வாங்கினார். அது ஈரத்தைக் கொடுக்காது, இருக்கிற ஈரத்தைப் போகவிடாமல் மூடி வைக்கும். அதனால் காய்ந்த தோலில் வெறுமனே பூசினால் பலன் குறைவு. ராத்திரி க்ரீமுக்கு மேலே மெல்லிசாக, கண்ணாடியில் பார்த்தால் பளபளப்பு மட்டும் தெரிகிற அளவு. தலையணை உறையைத் தினம் மாற்ற வேண்டிவரும், அம்மா திட்டுவார்.

தறிக்காரன்_கரூர்

மீனாட்சி அம்மாவுக்கு ரொம்ப நன்றி. செங்கல், சாந்து என்றதும் பிடிபட்டுவிட்டது. எங்கள் பாஷையில் சொன்னால் பாவு நூலுக்குக் கஞ்சி ஏற்றுகிற மாதிரி. கஞ்சி போனால் நூல் தறியில் சிலும்பி அறுந்து கொட்டும்.

பிஎச் என்று படித்ததும் ஒரு வேலை செய்தேன். பட்டறையில் பெராக்சைடும் காஸ்டிக்கும் போட்டு ப்ளீச் பண்ணின துணியை அசிட்டிக் ஆசிட் விட்டு நியூட்ரலுக்குக் கொண்டுவருவோம், அதற்கு பிஎச் பேப்பர் எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். வீட்டுக் குளியல் சோப்பை நனைத்து அதன் மேல் ஒரு துண்டை ஒட்டினேன். மஞ்சள் பேப்பர் கருநீலமாகிவிட்டது. அட்டையோடு ஒத்துப் பார்த்தால் 10. ப்ளீச்சிங் தொட்டியில் இருக்கிற காரம் ஏறக்குறைய இதுதானே என்று கொஞ்ச நேரம் சோப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். 54 வருஷமாக இதைத்தான் மூஞ்சியில் தேய்க்கிறேன். மெடிக்கலில் வாங்கிவந்த சிண்டெட் பார் 6 காட்டியது. போர் தண்ணீர் 8. விட்டேனா, தயிரில் ஒரு துண்டு, 4. எலுமிச்சம்பழத்தில் ஒரு துண்டு, 2, பேப்பர் ரத்தச் சிவப்பு. மாமியார் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "ஏனுங் மாப்ள, தயிருக்குமா சாயம் புடிக்குதான்னு பாக்கறீங்க?" என்றார்.

ஒரு சந்தேகம். சோப்பு காரம், சரி. தோலுக்குப் புளிப்புதான் வேண்டும் என்றால் தயிர் ஏன் கூடாது? இன்னொன்று, வீட்டில் தேங்காய் எண்ணெயை விடுவதாயில்லை.

மெடிக்கல்_மீனாட்சி

அண்ணா, உங்களை மாதிரி நாலு பேர் எங்கள் கடைக்கு வந்தால் எனக்குப் பாதி வேலை மிச்சம்.

நல்ல தோலின் மேல்பரப்பு 5-ஐ ஒட்டி இருக்கும். சாந்து கலக்கிற என்சைம்கள் அந்தப் புளிப்பில்தான் ஒழுங்காக வேலை செய்யும். சோப்பு அதை மேலே ஏற்றிவிடுகிறது, தோல் தானாகக் கீழே இறக்கிக்கொள்ளச் சில மணி நேரம் ஆகும். அதற்குள் நாம் மறுபடி சோப்புப் போடுகிறோம். தயிர் விஷயம் உங்களுக்கே தெரியும். துணியை நியூட்ரல் பண்ண அசிட்டிக் ஆசிட் விடுகிறீர்கள், அதே துணியில் கந்தக அமிலத்தை விட்டால் என்ன ஆகும்? தயிர் அவ்வளவு மோசமில்லை, ஆனால் அதில் புளிப்பு மட்டுமா இருக்கிறது? உயிருள்ள கிருமி இருக்கிறது, பால் புரதம் இருக்கிறது. கேட் உடைந்து கிடக்கும்போது எந்தப் புது ஆளையும் உள்ளே விடாதீர்கள். பிற்பாடு அலர்ஜியாக நின்றுகொள்ளும்.

தேங்காய் எண்ணெய்க்கு நான் எதிரி இல்லை. கரப்பான் உள்ள குழந்தைகளின் கை கால் உடம்புக்குப் பூசிச் சோதித்துப் பார்த்து நல்ல பலன் வந்திருக்கிறது. ஆலிவ் எண்ணெய்க்கு நேர் எதிர், அது சாந்தைக் கலைக்கிறது. ஆனால் 20 வயசு முகத்தில், பரு வருகிற கன்னத்தில், தேங்காய் எண்ணெய் துவாரத்தை அடைக்கும். அண்ணியிடம் சொல்லுங்கள், பாப்பா காலுக்கு எவ்வளவு வேண்டுமானாலும் பூசட்டும்.

ஒன்பதாவது டியூப் பற்றி நீங்கள் பதில் எழுதவில்லை.

தறிக்காரன்_கரூர்

இது அப்பா இல்லை, மகள். அப்பா போனை வைத்துவிட்டுப் பட்டறைக்குப் போய்விட்டார். எல்லாவற்றையும் படித்தேன்.

அக்கா, ஒன்பதாவது இருக்கிறது. உங்களுக்கு எப்படித் தெரிந்தது?

ஆகஸ்டில் எங்கள் ப்ளோரில் ஒரு சீனியர் அக்கா கொடுத்தார்கள். "கல்யாணத்துக்கு முன்னாடி எங்க அண்ணி போட்டாங்க, பத்து நாள்ல கலராயிடுவே" என்று. நிஜமாகவே ஆனேன். பரு எல்லாம் போய் கண்ணாடி மாதிரி இருந்தது முகம். தீர்ந்ததும் நானே போய்க் கடையில் வாங்கினேன், சீட்டு எதுவும் கேட்கவில்லை. மொத்தம் நாலு டியூப். நவம்பரில் பரீட்சை நேரத்தில் இரண்டு நாள் போட மறந்துவிட்டேன், முகம் முழுக்கச் சின்னச் சின்னப் பரு, ஒரே எரிச்சல். மறுபடி போட்டதும் அடங்கிவிட்டது. சரி, பருவுக்கு வேறு ஏதாவது செய்யலாம் என்றுதான் அந்த எட்டையும் ஒவ்வொன்றாக வாங்கினேன். டியூபை எடுத்துப் பார்த்தேன். மொமெட்டசோன், ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின் என்று போட்டிருக்கிறது. ஊருக்கு வந்ததிலிருந்து போடவில்லை. ஆறு நாள்.

அப்பா இதைப் படிப்பார். திட்ட மாட்டார். பேசாமல் இருப்பார், அதுதான் பயமாக இருக்கிறது.

மெடிக்கல்_மீனாட்சி

அடி தங்கம், எப்படித் தெரியும் என்றால், அந்த டியூபை நானே நூற்றுக்கணக்கில் விற்றிருக்கிறேன். நானே பூசியும் இருக்கிறேன்.

ரெண்டாவது பையன் பிறந்த பிறகு எனக்கு இரண்டு கன்னத்திலும் மங்கு. 2014. கடையில் அலமாரி கைக்கெட்டும் தூரம். அதே மூன்று மருந்து. மொமெட்டசோன் என்பது ஸ்டீராய்டு. மங்குக்கு டாக்டர்கள் எழுதுவதுதான், ஆனால் சில வாரத்துக்கு மட்டும், கண்காணிப்போடு. நான் 14 மாதம் பூசினேன். பார்மசி படித்தவள் பூசினேன் என்பதை எழுதும்போது இப்போதும் கூசுகிறது. ஒருநாள் இட்லிப் பானையைத் திறந்தேன், ஆவி பட்டதும் அலறிவிட்டேன். நிறுத்தினேன். நாலாம் நாளிலிருந்து முகம் மிளகாய் அரைத்த அம்மி மாதிரி ஆனது. மூக்கோரத்தில் சிவப்பாக நூல் நூலாக ரத்தக் குழாய் தெரிந்தது, அதில் இரண்டு இன்னும் இருக்கிறது.

ஸ்டீராய்டு சிவப்பையும் பருவையும் அமுக்கிவைக்கும், அதனால்தான் முதல் பத்து நாள் கண்ணாடி. ஆனால் அதே நேரத்தில் சாந்து தயாராவதையும் குறைத்துவிடும், தோல் மெலிந்துகொண்டே போகும். நிறுத்தினால் அமுக்கி வைத்ததெல்லாம் சேர்ந்து எழும்பும். எழும்புகிறதே என்று மறுபடி பூசுவோம். நவம்பரில் நீ செய்தது அதுதான். இது உன் ஒருத்தி கதை இல்லை. நம் நாட்டில் 12 தோல் சிகிச்சை மையங்களில் முகத்தில் பிரச்சினை என்று வந்த 2926 பேரைப் பார்த்ததில் 433 பேர் ஸ்டீராய்டு க்ரீம் பூசிக்கொண்டிருந்தார்கள் என்று 2011-ல் தோல் டாக்டர்கள் எழுதினார்கள். ஏழில் ஒருவர். 2018-ல் 14 ஸ்டீராய்டு க்ரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் அரசாங்கம் சேர்த்தது. அந்தச் சுற்றறிக்கை வந்த வாரம் எங்கள் முதலாளியிடம் காட்டினேன். "அதெல்லாம் மெட்ராஸ்ல பாத்துக்குவாங்க" என்றார். அந்தக் கடையில் இப்போது நான் இல்லை.

இனி எந்த டியூபை எடுத்தாலும் பொடி எழுத்தைப் படி. 'சோன்' என்று முடிகிற பெயர் இருந்தால், மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், சந்தேகப்படு. குளோபீட்டசால், ஃபுளூசினோலோன் அந்த வால் இல்லாத அதே ஜாதி.

அண்ணா, நேற்று நான் எழுதியதில் ஒரு மாற்றம். வெறும் சீரம் கெடுத்த முகம் என்றால் க்ரீமும் பொறுமையும் போதும். ஐந்து மாத ஸ்டீராய்டு என்றால் போதாது. தோல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள், டியூபையும் எடுத்துப் போங்கள். உங்கள் ஊர் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் காட்டினாலே போதும், காசு செலவில்லை. ஒரேயடியாக நிறுத்துவதா, வீரியம் குறைந்ததைக் கொடுத்துப் படிப்படியாக இறக்குவதா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். க்ளென்சர், க்ரீம், வாசலைன் மூன்றும் அப்படியே தொடரட்டும். அடுத்த இரண்டு வாரம் இப்போதையதைவிட மோசமாகத் தெரியலாம். அதைப் பார்த்துப் பயந்து டியூபைத் தேடக் கூடாது. கண்ணாடியைக்கூட ஒரு துணி போட்டு மூடி வையுங்கள், நான் அப்படித்தான் செய்தேன்.

தறிக்காரன்_கரூர்

படித்தேன். பாப்பாவிடம் ஒன்றும் கேட்கவில்லை, "வண்டியை எடுக்கறேன், கிளம்பு கண்ணு" என்றேன். டியூபை டாக்டர் கையில் கொடுத்ததும் அவர் படிக்கவே இல்லை, தூரத்திலிருந்து பார்த்தே தலையை ஆட்டினார். டாக்ரோலிமஸ் என்று ஒரு களிம்பும் டாக்சிசைக்ளின் மாத்திரையும் எழுதியிருக்கிறார். அந்த எட்டில் ஒன்றையும் தொடாதே என்று சொல்லிவிட்டார். பாக்கி நீங்கள் சொன்னதே.

தறிக்காரன்_கரூர் (ஏழு வாரம் கழித்து)

சொல்லாமல் விட்டால் தப்பு என்று எழுதுகிறேன். இரண்டாவது வாரம் கொடுமை. களிம்பே முதலில் எரிந்தது, ராத்திரி இரண்டு மணிக்கு ஈரத்துணியை முகத்தில் போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பாள், நானும் கூட உட்கார்ந்திருப்பேன். அப்போதுதான் அவள் ஹாஸ்டல் கதை எல்லாம் எனக்குத் தெரியவந்தது. கல்லூரிக்குப் பத்து நாள் தாமதமாகப் போனாள். அங்கே போரில் வருவது கடும் உப்புத் தண்ணீராம், முகத்துக்கு மட்டும் கேன் தண்ணீரில் இரண்டு மக் எடுத்துக்கொள்கிறாள். ஐந்தாவது வாரம் தண்ணீர் எரியவில்லை என்று போன் வந்தது. போன ஞாயிறு வந்திருந்தாள். பாதிச் சிவப்பு இருக்கிறது, அந்த இஸ்திரி மினுமினுப்பு போய்விட்டது. ரசத்தைக் கிண்ணத்தோடு தூக்கிக் குடித்தாள்.

சீனியர் பெண்ணிடமும் சொன்னாளாம். அந்தப் பெண் இன்னும் பூசுகிறதாம்.

மீனாட்சி அம்மா, இன்னொரு விஷயம். பட்டறையில் தொட்டி வேலை செய்கிற நாலு பேருக்கு விரல் இடுக்கெல்லாம் வெடித்து ரத்தம் வருகிறது. இத்தனை வருஷம் தண்ணீர் வேலை என்றால் அப்படித்தான் என்று நானும் இருந்துவிட்டேன். அவர்களுக்கும் இதேதானா? கையுறை வாங்கிக் கொடுத்தால் வேர்க்கிறது என்று கழற்றிவிடுகிறார்கள்.

மெடிக்கல்_மீனாட்சி

ரசம் குடித்த செய்திதான் அண்ணா எனக்கு வேண்டியிருந்தது.

தொட்டிக்காரர்களுக்கும் அதே சுவர்தான், இடிப்பது காஸ்டிக். ரப்பர் கையுறைக்கு உள்ளே மெல்லிய காட்டன் கையுறை ஒன்று போடச் சொல்லுங்கள், வேர்வையை அது குடித்துக்கொள்ளும். ஆளுக்கு மூன்று ஜோடி, தினம் துவைத்தது. உங்களிடம் துணிக்கா பஞ்சம், தைத்தே கொடுக்கலாம். மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு வரட்டும், காரம் அதன் அடியில்தான் தங்கும். வேலை முடிந்து ஒரு தடவை, படுக்கும்போது ஒரு தடவை வாசலைன். அரை கிலோ டப்பா ஒன்று பட்டறை ஆணியில் தொங்கினால் எல்லாரும் எடுப்பார்கள். ரத்தம் நிற்காதவர்களை ஓபியில் காட்டிவிடுங்கள்.

சாயக் கறை போக அவர்கள் கையை எதில் கழுவுகிறார்கள் என்று ஒருநாள் நின்று பாருங்கள். இங்கே ஒரு சாயப்பட்டறைக்காரர் ப்ளீச்சிங் பவுடரைக் குழைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

தறிக்காரன்_கரூர்

பார்த்தேன். அதேதான். ப்ளீச்சிங் பவுடர் டப்பாவைத் தூக்கி மேலே வைத்துவிட்டேன்.